ஒரு நூல், ஒரு நட்டு, ஒரு நோட்டு: அறிவியல் முறையைச் செய்து பார்த்துக் கற்க

அறிவியல் முறை என்றதும் பாடப்புத்தகத்தில் வரும் அந்த அம்புக்குறிப் படம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று நான்கு கட்டங்கள், நடுவில் அம்புகள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அதை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறவர்களிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து "நீங்களே கண்டுபிடியுங்கள்" என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். நீச்சலைப் போல இதுவும் இறங்கினால்தான் வரும்.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டு நகரப் போகிறேன். ஊசல். தேவையானவை: ஒன்றேகால் மீட்டர் நூல், இரும்பு நட்டுகள் இரண்டு, ஒரு அளவு நாடா, செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, ஒரு பேனா. பென்சில் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நூலின் ஒரு நுனியில் நட்டைக் கட்டி, மறு நுனியை ஆடாத ஓர் ஆணியிலோ கொக்கியிலோ மாட்டுங்கள். சோதனைக்கூடம் தயார்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"ஊசல் எப்படி வேலை செய்கிறது?" என்பது நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு அளவு நாடாவும் கடிகாரமும் பதில் சொல்லாது. அளந்து பதில் சொல்லக்கூடிய அளவுக்குக் கேள்வியைச் சுருக்க வேண்டும். நட்டு ஒரு பக்கம் போய்த் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு அதே திசையில் வந்து சேர்வது ஓர் அலைவு. அதற்கு ஆகும் நேரம் அலைவு நேரம். அது எதைப் பொறுத்து மாறுகிறது? நூலின் நீளமா, தொங்கும் எடையா, எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதா? இப்போது கேள்வி கைக்கு அடங்குகிறது.

நட்டைத் தொடும் முன் உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதிவிடுங்கள். இது சடங்கு அல்ல. முடிவு தெரிந்த மறுகணமே "அட, நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனசு சொல்லிவிடும். எழுதி வைத்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

அந்த ஊகம் தோற்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். "நீளத்தை மாற்றினால் நேரம் ஏதோ ஒரு வகையில் பாதிக்கப்படும்" என்று எழுதினால் என்ன நடந்தாலும் அது சரியாகவே இருக்கும். அதனால் அதிலிருந்து எதையும் கற்க முடியாது. "நீளம் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்காகும்" என்று எழுதுங்கள். இது தவறு என்று சீக்கிரமே தெரியப் போகிறது. ஆனாலும் முதலாவதைவிட இதுதான் உருப்படியான கருதுகோள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

நீளத்தைச் சோதிக்கும்போது எடையும் இழுக்கும் கோணமும் மாறக் கூடாது. எடையைச் சோதிக்கும்போது மற்ற இரண்டும் மாறக் கூடாது. சொல்ல எளிது. நான் முதன்முதலில் எடையைச் சோதித்தபோது, 50 செ.மீ. ஊசலில் தொங்கிய நட்டுக்குக் கீழே இன்னொரு நட்டைக் கட்டினேன். 20 அலைவுக்கு 28.4 நொடி ஆனது 29.2 நொடியாக ஏறியது. திரும்பத் திரும்ப எடுத்தும் அப்படியே வந்தது. எடை கூடினால் ஊசல் மெதுவாக ஆடுகிறது என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

உண்மையில் நான் மாற்றியது இரண்டு விஷயங்களை. ஊசலின் நீளம் ஆணியிலிருந்து முடிச்சு வரை அல்ல. தொங்கும் பொருளின் நடுப்புள்ளி வரை. அதாவது ஈர்ப்பு மையம் வரை. கீழே ஒரு நட்டைச் சேர்த்ததும் அந்த மையம் 3 செ.மீ. இறங்கிவிட்டது. 50 செ.மீ. ஊசல் எனக்குத் தெரியாமலே 53 செ.மீ. ஊசலாகியிருந்தது. இரண்டாவது நட்டை முதல் நட்டின் பக்கத்தில், அதே உயரத்தில் சேர்த்துக் கட்டியதும் நேரம் 28.4க்கே திரும்பியது. எடைக்கு இதில் பங்கே இல்லை.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் ஒன்றை மட்டும்தான் மாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கூடவே மாறிவிடுவதுதான் சோதனைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. "இதை மாற்றும்போது கூடவே வேறு எது மாறுகிறது?" என்ற கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அளப்பது

நூலை 100 செ.மீ.க்கு வையுங்கள். ஆணியிலிருந்து நட்டின் நடு வரை. 5 பாகை அளவுக்குச் சற்றே இழுத்து, தள்ளாமல், விட்டுவிடுங்கள். ஓரிரு முறை ஆடட்டும். அப்புறம் கடிகாரத்தைத் தொடங்குங்கள்.

எந்த இடத்தில் தொடங்குவது? பெரும்பாலோர் நட்டு ஓரத்துக்குப் போய் நிற்கும் கணத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள். அங்கே அது மெதுவாகி, தயங்கி, பிறகுதான் திரும்புகிறது. எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. நடுவில், அதாவது மிகத் தாழ்ந்த புள்ளியில், அது மிக வேகமாகக் கடக்கிறது. பின்னால் சுவரில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு, நட்டு ஒரே திசையில் அந்தக் கோட்டைத் தாண்டும் கணத்தைப் பிடித்தால் குழப்பம் குறையும்.

எண்ணுவதிலும் ஒரு கண்ணி உண்டு. கடிகாரத்தைத் தொடங்கும்போது "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் 20 வரும்போது 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். அங்கேயே 5 சதவீதம் போய்விடும். "பூஜ்யம், ஒன்று, இரண்டு" என்று எண்ணுங்கள்.

முதலில் ஒரே ஓர் அலைவை ஐந்து முறை அளந்து பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு 1.9, 2.2, 2.0, 1.8, 2.1 நொடி என்று ஏறி இறங்கி வரும். போன் திரையில் 2.07 என்று நூறில் ஒரு பங்கு நொடி வரை தெரியும். ஆனால் அந்தக் கடைசி இலக்கங்களை உங்கள் விரல் அறியாது. கண் பார்த்து மூளை சொல்லி விரல் அழுத்துவதற்கே ஏறக்குறைய 0.2 நொடி பிடிக்கும். கருவி எத்தனை இலக்கம் காட்டுகிறதோ அத்தனையும் நமக்குத் தெரியும் என்று எண்ணக் கூடாது. சராசரி 2.0 நொடி. நேர்மையாக எழுதினால், 2.0 ± 0.2 நொடி. அதாவது உண்மையான நேரம் 1.8க்கும் 2.2க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

சரி, இப்போது 20 அலைவுகளைச் சேர்த்து அளவுங்கள். அதையும் ஐந்து முறை. 40.1, 40.3, 39.9, 40.2, 40.1 என்பதுபோல வரும். சராசரி 40.12, ஏற்ற இறக்கம் இன்னும் அதே 0.2 நொடிதான், ஏனென்றால் விரல் அதே விரல். ஆனால் அந்த 0.2 இப்போது 20 அலைவுக்கும் பகிர்ந்து போகிறது. ஓர் அலைவுக்கு 2.01 ± 0.01 நொடி. கடிகாரத்தை மாற்றவில்லை, ஒரு காசும் செலவில்லை. அளக்கும் விதத்தை மாற்றியதில் நிச்சயமின்மை 20 மடங்கு குறைந்தது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். நல்ல கருவி இல்லையே என்று யாராவது வருத்தப்பட்டால் இதைத்தான் செய்து காட்டுவேன்.

ஐந்தில் ஒன்று 42.1 என்று வந்தால்? அடித்துவிட்டுப் போகாதீர்கள். எண்ணுவதில் ஒன்று தவறிவிட்டது என்று அப்போதே தெரிந்தால், அந்த எண்ணின் மேல் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால் எண்ணை அப்படியே விட்டுவிட்டு இன்னும் சில முறை அளவுங்கள். பென்சில் வேண்டாம் என்றது இதற்காகத்தான். அழிக்க முடிந்தால், பிடிக்காத எண்களையெல்லாம் அழித்துவிடுவோம்.

அந்த ± குறிதான் உயிர்

புதிதாக வருபவர்கள் ± என்பதை ஒரு மன்னிப்புக் கடிதம் போல எடுத்துக்கொள்கிறார்கள். "சரியாக அளக்கத் தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பதுபோல. நான் உறுதியாக நம்புவது வேறு. அளவீட்டில் பாதித் தகவல் அந்தக் குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அது இல்லாத எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

வானியலாளர் கெப்ளரைப் பாருங்கள். இன்னொரு வானியலாளரான டைக்கோ பிராகி 1601இல் இறந்தபின் அவருடைய செவ்வாய்க் கோள் பதிவுகள் கெப்ளரின் கைக்கு வந்தன. தொலைநோக்கி இல்லாத காலம். வெறும் கண்ணால், பெரிய கோணமானிகளை வைத்து எடுத்த பதிவுகள். கெப்ளர் ஆண்டுக்கணக்கில் உழைத்து, செவ்வாய் வட்டப்பாதையில் போவதாக வைத்து ஒரு மாதிரியை உருவாக்கினார். அது பதிவுகளோடு பொருந்தியது. ஆனால் சில இடங்களில் 8 கலை வரை விலகியது. ஒரு கலை என்பது ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. முழு நிலவின் அகலமே 30 கலைக்குச் சற்று அதிகம் என்றால் 8 கலை எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். "அளவீட்டுப் பிழை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். டைக்கோவின் பிழை 10 கலையாக இருந்திருந்தால் அப்படிச் சொல்வதில் நியாயமும் இருந்திருக்கும். ஆனால் டைக்கோ 8 கலை அளவுக்குத் தவற மாட்டார் என்பது கெப்ளருக்குத் தெரியும். அதனால் ஆண்டுக்கணக்கான தன் உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வட்டத்தையே கைவிட்டார். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்பது 1609இல் வெளியானது அப்படித்தான்.

இதே கதை 1890களில் மறுபடி நடந்தது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனையும் வேதிப்பொருள்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனையும் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு ஒரே கண்ணாடிக் குடுவையில் அடைத்து எடை பார்த்தார். ஒன்று ஏறக்குறைய 2.310 கிராம், மற்றது 2.299 கிராம். வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் அவருடைய அளவீடுகளுக்குள் இருந்த ஏற்ற இறக்கம் அதைவிட மிகமிகச் சிறியது. ஆகவே அந்த வித்தியாசம் நிஜம். அதைத் துரத்திப் போனதில்தான் 1894இல் அவரும் வேதியியலாளர் ராம்சேயும் ஆர்கானைக் கண்டார்கள். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றில் ஏறக்குறைய ஒரு சதவீதம் இருந்தும் அதுவரை யாரும் அடையாளம் காணாத வாயு!

உங்கள் ஊசலிலும் இதைப் பார்க்கலாம். கோணத்தை மாற்றிச் சோதியுங்கள். மிகச் சிறிய கோணத்தில் 20 அலைவு, 10 பாகையில் 20 அலைவு. இரண்டும் ஒன்று போலவே வரும். கலிலியோவும் கோணம் எதுவானாலும் நேரம் மாறாது என்றே கருதினார். ஆனால் கணக்குப்படி 10 பாகையில் அலைவு நேரம் 0.2 சதவீதம் கூடுகிறது. 40 நொடியில் அது 0.08 நொடி. உங்கள் ±0.2க்குள் அது மறைந்துவிடும். இப்போது 60 பாகைக்கு இழுத்து விடுங்கள். கணக்குப்படி 7 சதவீதம், அதாவது 3 நொடிக்குப் பக்கம் கூட வேண்டும். (ஆட ஆடக் கோணம் குறைந்துகொண்டே வருவதால் உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும்.) வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆகவே 10 பாகைச் சோதனையின் முடிவாக "கோணத்தால் நேரம் மாறாது" என்று எழுதினால் அது தவறு. "10 பாகை வரை, 20 அலைவுக்கு ±0.2 நொடி துல்லியத்தில், மாற்றம் தெரியவில்லை" என்பதே சரி. இல்லை என்பது வேறு, என் கருவிக்குத் தெரியவில்லை என்பது வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பழகிக்கொண்டால் பத்திரிகையில் வரும் பாதி அறிவியல் செய்திகளை வேறு மாதிரி படிக்கத் தொடங்குவீர்கள்.

சராசரியில் கரையாத பிழை

விரல் சில சமயம் முந்தும், சில சமயம் பிந்தும். இப்படி இரண்டு பக்கமும் ஆடும் பிழை, பல முறை அளந்து சராசரி எடுத்தால் குறையும். ஒரே பக்கமாகச் சாயும் பிழை குறையாது. அளவு நாடாவின் முனை ஒரு செ.மீ. தேய்ந்திருந்தால் ஆயிரம் முறை அளந்தாலும் அந்த ஒரு செ.மீ. போகாது. எண்கள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். எல்லாம் சேர்ந்து தவறாக இருக்கும். என் இரண்டாவது நட்டுக் கதையும் இந்த வகைதான்.

பெரிய இடங்களிலும் இது நடக்கும். 2011 செப்டம்பரில் ஓபரா என்ற ஆய்வுக்குழு, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து புறப்பட்டு இத்தாலியின் கிரான் சாசோ வரை ஏறக்குறைய 730 கி.மீ. பயணித்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்து சேர்ந்ததாக அறிவித்தது. 15,000க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன; அவர்கள் கணக்கிட்ட பிழை 10 நானோநொடிதான். ஆனால் அவர்கள் அதை வெற்றியாக அறிவிக்கவில்லை. எங்கே தவறு என்று எங்களுக்குத் தெரியவில்லை, மற்றவர்களும் பாருங்கள் என்றே முன்வைத்தார்கள். சில மாதங்களில் தவறு அகப்பட்டது. ஓர் ஒளியிழைக் கம்பி சரியாகப் பொருத்தப்படாமல் இருந்ததுதான் முக்கியக் காரணம். அதைச் சரிசெய்ததும் நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை என்று தெளிவானது. அந்த 15,000 பதிவுகளின் சராசரியால் கம்பியின் தவறைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை.

இந்த வகைப் பிழையைப் பிடிக்க ஒரே வழி, எதையாவது மாற்றிப் பார்ப்பது. வேறு நாடா, வேறு கடிகாரம், வேறு ஆள், முடிந்தால் வேறு முறை.

அலகையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதாமல் விடாதீர்கள். நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்து போனது. உந்துவிசைக் கணக்கை ஒரு தரப்பு பவுண்டு அலகில் கொடுத்தது. மறு தரப்பின் மென்பொருள் அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம்.

எண்களைக் காட்டுவது

இனி நீளத்தை மாற்றி மாற்றி அளவுங்கள். ஏறக்குறைய இப்படி வரும்:

25 செ.மீ.: 1.00 நொடி
50 செ.மீ.: 1.42 நொடி
75 செ.மீ.: 1.74 நொடி
100 செ.மீ.: 2.01 நொடி

50 என்பது 25இன் இரண்டு மடங்கு. நேரம் இரண்டு மடங்காகவில்லை. நாம் எழுதி வைத்த ஊகம் விழுந்தது. நீளம் நான்கு மடங்கானபோதுதான், அதாவது 25இலிருந்து 100க்குப் போனபோதுதான், நேரம் இரண்டு மடங்கானது.

கட்டமிட்ட தாளில் வரையுங்கள். நீங்கள் மாற்றியது, அதாவது நீளம், கிடை அச்சில். அதனால் மாறியது, அதாவது நேரம், செங்குத்து அச்சில். ஒவ்வோர் அச்சிலும் பெயரும் அலகும். ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் ± அளவுக்கு ஒரு சின்னக் கோடு. புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து இணைக்காதீர்கள். அப்படி இணைத்தால் உங்கள் விரலின் தடுமாற்றத்தையும் இயற்கையின் விதி என்று வரைந்துவிடுவீர்கள். அந்தச் சின்னக் கோடுகளுக்குள் போகும்படி ஒரே சீரான வளைவு வரையுங்கள்.

அடுத்து, நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, அந்த வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரையுங்கள். 1.0, 2.0, 3.0, 4.0 என்று புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் வந்து உட்காரும். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 4.03 என்று அதன் சாய்வு வரும். ஊசலின் விதிப்படி, பை மதிப்பின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி இந்தச் சாய்வால் வகுத்தால் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும். பெருக்கினால் 39.48, அதை 4.03ஆல் வகுத்தால் 9.8 மீட்டர்/நொடி². ஒரு நட்டை ஆட்டிவிட்டுப் பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தை அளந்திருக்கிறீர்கள். முதல் முறை இந்த எண் வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

படம் வரைவது அலங்காரத்துக்கு அல்ல. 1973இல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் நான்கு தரவுத் தொகுப்புகளை உருவாக்கிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரி, பரவல், இரண்டு அளவுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு, பொருத்திய நேர்கோடு எல்லாமே நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வரைந்து பார்த்தால் ஒன்று சிதறிய புள்ளிக் கூட்டம், ஒன்று அழகான வளைவு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி விலகி நின்று கோட்டையே சாய்க்கிறது, இன்னொன்றில் ஒரு புள்ளியைத் தவிர மற்றதெல்லாம் ஒரே செங்குத்து வரிசை. சராசரியை மட்டும் பார்த்தவருக்கு நான்கும் ஒன்றே.

எதை வரைகிறோம் என்பதைப் போலவே எதை வரையாமல் விட்டோம் என்பதும் முக்கியம். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்ணோடம் சிதறி 7 பேர் இறந்தார்கள். முந்தைய இரவே, குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாமல் போகலாம் என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். ஆனால் வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கையில், வளையம் பாதிக்கப்பட்ட பயணங்களே கணக்கில் வந்தன. அவை குளிரிலும் இருந்தன, வெம்மையிலும் இருந்தன. தெளிவான போக்கு தெரியவில்லை. பாதிப்பே இல்லாத பயணங்களையும் விசாரணைக் குழு பிறகு சேர்த்துப் பார்த்தது. 66 ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 19 செல்சியஸ், அல்லது அதற்கு மேலிருந்த 20 பயணங்களில் 3இல் மட்டுமே பாதிப்பு. 63 ஃபாரன்ஹீட்டோ அதற்குக் கீழோ இருந்த 4 பயணங்களிலும், நான்கிலுமே பாதிப்பு. அன்று காலை வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுத்தான் மேலே. எதுவும் நடக்காத நாள்களும் தரவுதான். அவற்றை விட்டுவிட்டால் படம் பொய் சொல்லும்.

மற்றபடி வரைபடத்துக்குப் பெரிய விதிகள் இல்லை. பட்டை வரைபடத்தில் அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் கண் பட்டையின் உயரத்தைத்தான் ஒப்பிடும். கோட்டு வரைபடத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. முப்பரிமாணப் பட்டைகளையும் சாய்ந்த வட்டங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

நம்மிடமிருந்து நம்மைக் காப்பது

1903இல் பிரான்சின் நான்சி நகரில் ரெனே பிளாண்ட்லோ என்ற மதிப்புமிக்க இயற்பியலாளர் "N கதிர்கள்" என்று ஒரு புதிய கதிரைக் கண்டதாக அறிவித்தார். இருட்டறையில் மங்கலான ஓர் ஒளி சற்றுக் கூடுவதைக் கண்ணால் பார்ப்பதுதான் ஆதாரம். வேறு பலரும் பார்த்ததாகச் சொன்னார்கள். 1904இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அந்த ஆய்வகத்துக்குப் போனார். இருட்டில், யாருக்கும் தெரியாமல், கருவியிலிருந்து முப்பட்டகத்தை எடுத்துவிட்டார். முப்பட்டகம் இல்லாமல் கதிர் பிரியவே முடியாது. ஆனாலும் அளவீடுகள் முன்போலவே தொடர்ந்தன. பிளாண்ட்லோ ஏமாற்றுக்காரர் அல்ல. எதிர்பார்த்ததைக் கண் பார்த்துவிட்டது, அவ்வளவுதான். அவருக்கு நேர்ந்தது எனக்கும் உங்களுக்கும் நேரும்.

உங்கள் சோதனையில் இதைத் தடுப்பது எளிது. ஒருவர் ஊசலைப் பார்த்து எண்ணி "தொடங்கு, நிறுத்து" என்று சொல்லட்டும். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கட்டும். ஐந்து முறையும் முடியும் வரை எண்ணை வெளியே சொல்லக் கூடாது. எத்தனை முறை அளப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். பிடித்த எண் வரும் வரை அளந்துவிட்டு அங்கே நிறுத்துவது, நம்மை அறியாமலே நாம் செய்யும் ஏமாற்று.

மற்றவர்கள் தரும் எண்களைப் படிப்பது

நட்டோடு கொஞ்சநாள் பழகியபின் செய்திகளில் வரும் எண்களும் வேறு மாதிரி தெரியும். "இதைச் செய்தால் ஆபத்து 50 சதவீதம் குறைகிறது" என்று படித்தால், எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். 10,000 பேரில் 2 பேருக்கு இருந்தது 1 ஆனாலும் 50 சதவீதம்தான். 4,000 பேருக்கு இருந்தது 2,000 ஆனாலும் 50 சதவீதம்தான்.

எத்தனை பேரை, எப்படித் தேர்ந்தெடுத்துக் கேட்டார்கள் என்று பாருங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால்தான் செல்லும். மனிதர்கள் அப்படி ஒரே சீராக இருப்பதில்லை. தாங்களே முன்வந்து பதில் சொன்ன ஆயிரம் பேரைவிட, குலுக்கல் முறையில் எடுத்த இருநூறு பேர் நம்பகமானவர்கள்.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஏறினால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எண்ணத் தோன்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, வெறும் தற்செயலாக இருக்கலாம். அல்லது இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று நிற்கலாம். காலணி அளவு பெரிதாக இருக்கும் சிறுவர்கள் சின்னக் காலணி போடுபவர்களைவிட நன்றாக வாசிக்கிறார்கள். காரணம் காலணி அல்ல, வயது. நான் நீளத்தை மாற்றியது தெரியாமல் எடையைக் குற்றம் சாட்டியதும் இதே கதைதான். சோதனையில் நாமே ஒன்றை மட்டும் மாற்ற முடிகிறது. செய்தியில் வரும் ஆய்வில் அப்படி மாற்றினார்களா, அல்லது நடந்ததை வேடிக்கை பார்த்து எண்ணினார்களா என்பதைத் தேடிப் படியுங்கள்.

அப்புறம், அந்த ± எங்கே என்று பாருங்கள். சென்ற ஆண்டு 41 சதவீதம், இந்த ஆண்டு 43 சதவீதம் என்று ஒரு கருத்துக்கணிப்பு சொன்னால், பிழை ±3 என்று எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். அப்படியானால் ஏறியதா இறங்கியதா என்று அந்தக் கணிப்புக்கே தெரியாது.

ஊசலுக்கு இன்னொரு வேலை

இவ்வளவு நேரம் அளந்த எண்களுக்கு ஒரு விதியைப் பொருத்தினோம். கையில் இருக்கும் எண்களுக்கு ஏற்ப விதியைத் தைப்பது கடினம் அல்ல. இன்னும் அளக்காத ஒன்றை அது சரியாகச் சொல்கிறதா என்பதுதான் சோதனை. நூலை 36 செ.மீ.க்கு வையுங்கள். நட்டை ஆட்டும் முன், நீங்கள் வரைந்த கோட்டிலிருந்து நேரத்தின் வர்க்கத்தைப் படித்து, வர்க்கமூலம் எடுத்து, 20ஆல் பெருக்கி நோட்டில் எழுதுங்கள். எனக்கு 24.1 நொடி என்று வந்தது. உங்கள் ± எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதியாயிற்றா? இப்போது நட்டை 5 பாகைக்கு இழுத்து விட்டு, கோட்டைத் தாண்டும் கணத்தில் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.